மைக்கை யாருக்கும் தராத மனுஷன்

கிரிக்கெட் வர்ணனைன்னா ஒருத்தர் பந்தைச் சொல்லணும், பக்கத்தில் இருக்கிறவர் பழங்கதை பேசணும். நமக்கு அப்படித்தான் பழக்கம். ஆனா இந்தியாவில் இந்தத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருத்தர், நாள் முழுக்க மைக்கை யாருக்கும் தரமாட்டார். ஏ.எஃப்.எஸ்.தல்யார்கான். ஊருக்கெல்லாம் 'பாபி'. 1897-ல் பிறந்த பம்பாய்ப் பார்சி.

1934-ல் பம்பாய் குவாட்ராங்குலர் போட்டியில் ஆரம்பிச்சார். சாப்பாட்டுக்கும் டீக்கும்தான் இடைவேளை, மத்தபடி காலையிலேர்ந்து சாயந்திரம் வரை ஒரே குரல். 1948-49-ல் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தப்போ, மூணு பேர் முறைவெச்சுப் பேசட்டும்னு அகில இந்திய வானொலி முடிவு பண்ணிச்சு. 'அப்படின்னா நான் வரலை'ன்னு விலகிட்டார் மனுஷன்!

மைக் போனா என்ன, பேனா இருந்ததே. பத்தி எழுத்தில் கிண்டல், குத்தல், வம்பு எல்லாம் உண்டு. 1979-ல் 'மிட்-டே' பத்திரிகை தொடங்கினப்போ அவருக்கு எண்பது தாண்டியாச்சு. அந்த வயசிலும் அதில் எழுதினார். 'டு யூ கெட் மீ, ஸ்டீவ்?' என்பது அவரோட முத்திரை வாக்கியம். நம்ம பாஷையில், 'என்ன, வெளங்குதா?'

வெறும் வம்புன்னா இந்தப் பதிவே தேவையில்லை. அவர் தொட்ட பெரிய விவகாரம் பென்டாங்குலர். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர்னு மதத்துக்கும் இனத்துக்கும் ஒரு அணி. 1937-ல் 'தி ரெஸ்ட்' என்று அஞ்சாவதா ஒண்ணு. அதாவது 'மிச்சம் மீதி'! கிறிஸ்தவரான விஜய் ஹசாரே அந்த மிச்சத்தில்தான் ஆடினார். 1943-ல் இந்துக்களுக்கு எதிரா அந்த அணி எடுத்த 387-ல் அவர் மட்டும் 309.

கூட்டம் அலைமோதும், பணம் கொட்டும். எல்லா மதத்துக்காரங்களும் ஒண்ணா உக்காந்துதானே ரசிக்கிறாங்க, இதில் என்ன தப்புன்னு ஆதரவாளர்கள் கேட்டாங்க. அதை லேசில் தள்ளிட முடியாது. ஆனாலும், அதே மேட்சுகளை வர்ணிச்சுப் பேர் வாங்கின தல்யார்கான், மதவாரியா அணி பிரிக்கிறது கூடாதுன்னு எதிர்த்தார். 1940-ல் காந்தியும் அதையே சொன்னார். 1946-ல் போட்டிக்கே மூடுவிழா.

இதை நம்ம மயிலாப்பூரிலேர்ந்து பார்த்தா இன்னும் சுவாரஸ்யம். லஸ்ஸில் வாழ்ந்த புச்சி பாபு நாயுடு, வெள்ளைக்காரங்க கிளப்பில் இந்தியர்களுக்கு இடம் இல்லைன்னு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பிச்சார். 1908-ல் முதல் பிரசிடென்சி மேட்ச் நடக்கிறதுக்குச் சில நாள் முன்னாடி அவர் காலமாயிட்டார். பின்னாடி அது சேப்பாக்கத்துப் பொங்கல் மேட்சா நிலைச்சது. இங்கேயும் பிரிவினை உண்டுதான்: ஐரோப்பியர் ஒரு பக்கம், இந்தியர் ஒரு பக்கம். ஆனா இந்தியர் பக்கம் ஒரே அணி. புச்சி பாபுவின் மகன் சி.ராமஸ்வாமி, எம்.ஜே.கோபாலன், சீக்கியரான ஏ.ஜி.ராம்சிங் எல்லாரும் அதில்தான். கோபாலனும் ராம்சிங்கும் சேர்ந்து ஆடினப்போ யாரும் 'நீ எந்த மதம்'னு கேட்டு அணி பிரிக்கலை. பம்பாயில் தல்யார்கான் எதுக்காகச் சண்டை போட்டாரோ, அது மெட்ராஸில் சத்தமில்லாம நடந்துக்கிட்டு இருந்தது.

தல்யார்கான் 1990-ல் காலமானார். மைக்கைப் பங்கு போட மாட்டேன்னது சுத்த அகம்பாவம், சந்தேகமே இல்லை. மூணு பேர் பேசுறதால ரேடியோ ஒண்ணும் கெட்டுப்போகலை. ஆனா தனக்குப் பேரும் புகழும் தந்த போட்டியையே வேண்டாம்னு சொல்ல, கொஞ்சம் அந்த மாதிரி பிடிவாதமும் வேணும்தானே? எல்லாரோடவும் ஒத்துப்போறவர் அதைச் சொல்லியிருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?