அடைக்கப்பட்ட ஆடுகளம்

முதலாம் உலகப் போரிலே ஆடவர் போர்முனை செல்ல, இங்கிலாந்துப் பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைகளிற் புகுந்தனர். பிரெஸ்டன் நகரின் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் 1917இல் உதைபந்தாட்டக் குழுவொன்றை அமைத்துக் காயமுற்ற வீரருக்கு நிதி திரட்டினர். 1920 டிசெம்பர் 26இல் லிவர்பூலில் அவர்கள் ஆடியதைக் காண 53,000 பேர் கூடினர்.

மறு ஆண்டு டிசெம்பரிலேயே, இவ்விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாதெனக் கூறி, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு அடைத்தது. 1971 வரை அத்தடை நீங்கவில்லை. மைதானமின்றேல் பார்வையாளர் ஏது? பார்வையாளரின்றேல் வருவாய் ஏது? அந்நாட்டின் முதனிலைப் பெண்கள் லீக் முழுநேரத் தொழில்முறையானது 2018இலேதான்.

2022இல் வெம்பிளி அரங்கில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தை 87,192 பேர் கண்டுகளித்தனர். ஆயினும், ஆடவரோடுள்ள ஊதிய இடைவெளி இன்றும் பெரிதே. ஐம்பதாண்டு அடைபட்ட கதவின் விலை அதுவாகும்.