ஒரே ரோடு, மூணு போராட்டம்: போடிமெட்டுக்கு மேலயும் கீழயும்

போன எபிசோடைக் கேட்டுட்டு போடியில இருந்து ஒரு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸ். "தம்பி, என்கூட நர்சிங் படிச்சவ மெட்டுக்கு அந்தப் பக்கம் வேலை பார்க்கிறா. அதே படிப்பு, அதே நைட் டியூட்டி. சம்பளம் மட்டும் ரொம்ப வித்தியாசம். செக்போஸ்ட்டைத் தாண்டினா ஊசி மாறுதா என்ன?"

ஒரு வரியில பதில் சொல்லிடலாம். குறைந்தபட்ச ஊதியத்தை அந்தந்த மாநில அரசு தனித்தனியா அறிவிக்குது. அவ்வளவுதான். ஆனா அந்த அறிவிப்பு எப்படி வந்தது என்பதுதான் இன்றைய கதை.

கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையை மனசில வச்சுக்கோங்க. கோதமங்கலம், மூணாறு, போடிமெட்டு. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவு இறங்கினா போடி, அப்புறம் தேனி, ஆண்டிபட்டி, மதுரை. நான் சொல்லப்போற மூணு கதையும் இந்த ரோட்டை ஒட்டித்தான்.

முதல்ல கொஞ்சம் பின்னணி. 1918இல் மெட்ராஸ் தொழிற்சங்கம் தொடங்கியது. பின்னி மில் தொழிலாளர்களோட சங்கம். பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றவர். வேலைநிறுத்தத்தைத் தூண்டினாங்கன்னு கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய் வாடியாவுக்கு எதிரா தடை வாங்கியது. சங்கம் நடத்தினதுக்கே வழக்கு! அந்த அதிர்ச்சிதான் 1926ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆனா ஆஸ்பத்திரி 'சேவை' ஆச்சே, அதுக்கு இதெல்லாம் பொருந்துமா? 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய முதன்மைத் தீர்ப்பு மூலமா உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. ஆஸ்பத்திரியும் தொழில் தகராறு சட்டப்படி ஒரு 'தொழில்'தான். அதாவது, நர்ஸ் வெறும் தியாகத் திருவுரு இல்லை, தொழிலாளி.

தீர்ப்பு வந்தும் முப்பது வருஷத்துக்கு மேல தனியார் நர்ஸ்கள் பெருசா அசையல. ஏன்னா 'பாண்டு'. வேலைக்குச் சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வச்சுக்குவாங்க. பாதியில போனா பணம் கட்டணும். சர்டிபிகேட் இல்லாம வெளிநாட்டு வேலைக்கும் போக முடியாது. படிப்புக் கடன் வேற கழுத்தில.

2011 கடைசியில திருச்சூர்ல யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் உருவாச்சு. எந்தக் கட்சியோட கிளையும் இல்லை, நர்ஸ்களே நர்ஸ்களுக்காக ஆரம்பிச்ச சங்கம். அடுத்த வருஷம் நம்ம ரோட்டிலேயே, கோதமங்கலத்தில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில வேலைநிறுத்தம் நூறு நாளைத் தாண்டியது. 2012 ஆகஸ்ட்ல மூணு நர்ஸ்கள் கட்டட உச்சிக்கு ஏறி, குதிச்சிடுவோம்னு சொன்ன பிறகுதான் பேச்சுவார்த்தை வேகமெடுத்தது. அவங்க கேட்டதில முக்கியமானது, ஏற்கெனவே சட்டத்தில இருந்த குறைந்தபட்ச ஊதியம்.

2016 ஜனவரியில, இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைக்கச் சொன்னது. ஐம்பது படுக்கைக்குக் கீழே உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலயும் மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல இருந்தா அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம் தரணும்னு குழு சொன்னது. இது கேரளாவுக்கு மட்டும் சொன்னது இல்லை. எல்லா மாநிலத்துக்கும் போன பரிந்துரை.

2017 ஜூலையில கேரள நர்ஸ்கள் போராட்டத்தில இறங்க, முதல்வர் பினராயி விஜயன் 20,000 ரூபாய்னு அறிவிச்சார். அறிவிச்சாரே தவிர அரசாணை வரல. 2018 ஏப்ரல் 24 அன்று சேர்த்தலையில் இருந்து தலைமைச் செயலகம் வரைக்கும் நடந்தே போறோம்னு சங்கம் சொன்னது. நடைப்பயணத்துக்கு முந்தின நாள் அரசாணை வந்துருச்சு. அக்கா, உங்க கேள்விக்குப் பதில் இந்த ஒரு நாள்லதான் இருக்கு.

ரெண்டாவது கதை மூணாறு. இங்க நர்ஸ்கள் இல்லை, தேயிலை பறிக்கிற பெண்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். இந்தக் கதை ஏன் வேணும்னா, இவங்களுக்குச் சங்கம் இல்லாம இல்லை. மூணு பெரிய சங்கம் இருந்தது. தலைமையில எல்லாம் ஆம்பளைங்க. 2015 செப்டம்பர்ல கம்பெனி முந்தின வருஷத்து 19 சதவீத போனஸை 10 சதவீதமாக் குறைச்சது. ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு ரோட்டை மறிச்சு உட்கார்ந்தாங்க. சங்கத் தலைவர்களையும் பக்கத்தில விடல. 'பெம்பிளை ஒருமை'ன்னு பேர் வந்தது. ஒன்பது நாள்ல 20 சதவீதம் கிடைச்சது. அதுக்கு அடுத்த போராட்டத்தில 500 ரூபாய் தினக்கூலி கேட்டாங்க. கிடைச்சது 301. அதுக்கு முன்னாடி 232. நவம்பர் உள்ளாட்சித் தேர்தல்ல போராட்டத் தலைவர்கள்ல ஒருத்தரான கோமதி தேவிகுளம் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஜெயிச்சார். பிறகு இயக்கம் உடைஞ்சது, தலைவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனாங்க. அதையும் மறைக்க வேண்டாம். ஆனா சங்கச் சந்தா கட்டுறதும், சங்கத்தில நம்ம குரல் இருக்கிறதும் வேற வேறன்னு அவங்க காட்டிட்டாங்க.

இப்போ மலை இறங்கி நம்ம பக்கம் வருவோம். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்ஆர்பி, தேர்வு வச்சு ஆயிரக்கணக்கான நர்ஸ்களைத் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு எடுத்தது. தொகுப்பூதியம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்தில நிரந்தரம்னு நம்பிக் காத்திருந்தவங்க, 2017 நவம்பர் 27 அன்று சென்னை டிஎம்எஸ் வளாகத்தில உட்கார்ந்தாங்க. சில நாள்லயே ஹைகோர்ட் தலையிட்டு, போராட்டம் முடிஞ்சது.

கேரளாவில மாசக்கணக்கில நடந்தது இங்க ஏன் நாள்கணக்கில முடிஞ்சது? தைரியம் குறைவுன்னு சொன்னா அது அநியாயம். அங்க முதலாளி தனியார், இங்க அரசு. 2003இல் நம்ம அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தில ஜெயலலிதா அரசு லட்சத்துக்கும் மேற்பட்டவங்களை ஒரேயடியா வேலையை விட்டு நீக்கியது. அந்த வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. ஒப்பந்த நர்ஸுக்கு ரெண்டு பக்கமும் இடி. நிரந்தர ஊழியரோட சலுகை கிடையாது, கட்டுப்பாடு மட்டும் உண்டு.

அதனால அவங்க வேற கதவைத் தட்டினாங்க. எம்ஆர்பி செவிலியர் சங்கம் ஒன்று மகப்பேறு விடுப்புக்காக ஹைகோர்ட் போச்சு. ஒப்பந்த நர்ஸுக்கும் மகப்பேறு சலுகை உண்டு, ஒப்பந்த நிபந்தனையைக் காட்டி அதை மறுக்க முடியாதுன்னு 2025இல் தீர்ப்பு வந்தது. ஒரு நர்ஸ் தனியாப் போயிருந்தா, வழக்கு முடியுறதுக்குள்ள அவங்க குழந்தை பள்ளிக்கூடம் போயிருக்கும். சங்கம் போனதால, இனிமே பிரசவத்துக்குப் போறவங்களுக்கும் சேர்த்துக் கிடைச்சது.

வாய்ஸ் நோட் அனுப்பின அக்காவுக்கு: நீங்க தனியார், அதனால உங்க வழி கோதமங்கலத்து வழிக்குத்தான் பக்கம். முதல்ல மூணு விஷயம். வேலை ஆர்டர், சம்பளச் சீட்டு, டியூட்டி ரோஸ்டர் மூணுக்கும் காப்பி வச்சுக்கோங்க. தமிழ்நாட்டில உங்க வேலைக்கு அறிவிச்சிருக்கிற குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவுன்னு தொழிலாளர் துறை அலுவலகத்தில கேளுங்க. ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட, அந்த 20,000 பரிந்துரை இங்க என்ன ஆச்சுன்னும் கேளுங்க. ஆனா இதெல்லாம் தனியாக் கேட்டா உங்க பேர் மட்டும்தான் வெளிய தெரியும். அதனால இந்த எபிசோடை உங்க நைட் டியூட்டி சிஸ்டர்ஸ்கிட்ட முதல்ல போட்டுக் காட்டுங்க. எத்தனை பேர் கேட்டாங்கன்னு எனக்கு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.