பௌ பஜார் வீதியின் ஆய்வுக்கூடம்

பள்ளியிறுதித் தேர்வில் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டால், "விஞ்ஞானம் படி" என்று ஊக்குவிப்பது நம்மவர் வழக்கம். பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புக்காக வந்தவர்களுக்குக் கல்வியே காணி நிலம். ஆயினும், விஞ்ஞானம் பயில்வது வேறு. விஞ்ஞானி ஆவது வேறு. முன்னதற்குப் பாடநூலும் தேர்வும் போதும். பின்னதற்கு வேண்டுவது யாது என்பதைப் பாடநூல்கள் உரைப்பதில்லை. அதனை அறிய விழைவோர், கல்கத்தா மாநகரின் பௌ பஜார் வீதியில் 210 ஆம் எண் கட்டடத்தில் நிகழ்ந்தவற்றை நோக்குதல் நலம்.

இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை 1876 இல் அங்கு நிறுவியவர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர். இந்தியர் தம் முயற்சியால் ஆய்வு நடத்த ஓர் இடம் வேண்டும் என்பது அவர் கனவு. பொருள் திரட்டினார், கருவிகள் வாங்கினார், சொற்பொழிவுகளும் நடைபெற்றன. ஆனால் ஆய்வையே வாழ்வாகக் கொள்ளும் இளைஞர்கள் வரவில்லை. அந்த மனக்குறையுடனேயே 1904 இல் அவர் மறைந்தார். கட்டடமும் கருவியும் மட்டும் ஆய்வாகிவிடா என்பது இந்நிலையத்தின் முதற்பாடம்.

1907 இல் நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்றுக் கல்கத்தாவுக்கு வந்தார் திருச்சிராப்பள்ளியில் பிறந்த இளைஞர் சந்திரசேகர வேங்கடராமன். அவர் ஏற்ற பதவி உதவிக் கணக்காயர். உடல்நிலை கருதி இங்கிலாந்துப் பயணம் கூடாதென மருத்துவர் தடுத்திருந்தார். அறிவியல் கற்றவர்க்கு நாட்டில் தக்க வேலையும் அந்நாளில் இல்லை. ஆகவே அரசுப் பணியே வழியாயிற்று. ஆனால், மாணவராயிருந்தபோதே, 1906 இல், அவருடைய கட்டுரை இங்கிலாந்தின் ஆய்வேடு ஒன்றில் வெளிவந்திருந்தது. வழிகாட்டும் பேராசிரியர் எவருமின்றித் தாமே செய்த ஆய்வு அது.

கழகத்தின் கதவு அவருக்குத் திறந்தது. விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் கணக்கு அலுவலகம், மாலை முதல் இரவு வரை மீண்டும் ஆய்வுக்கூடம் என்று ஆண்டுகள் கழிந்தன. இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகி, 1911 இல் திரும்பினார். உற்ற துணையாக நின்ற ஆசுதோஷ் தே பல்கலைக்கழகப் படியேறாதவர். கோப்புகளிடையே நாளைக் கழிக்கும் என் போன்றோர்க்கு இவ்வரலாறு வியப்பையும் சிறிது நாணத்தையும் ஒருங்கே தருகிறது.

1917 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார். ஊதியம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அப்பதவிக்கு உரியவர் அயல்நாட்டில் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்பது விதி. பயிற்சிக்கென்று கடல் கடக்க இராமன் மறுத்தார். துணைவேந்தராயிருந்த ஆசுதோஷ் முகர்ஜி, விதியையே தளர்த்தி அவரை அமர்த்தினார். தகுதியைச் சான்றிதழில் தேடாமல் செய்த வேலையில் கண்ட பெருமை அவருக்கு உரியது.

1921 இல் ஆக்ஸ்போர்டு மாநாட்டுக்குச் சென்று திரும்புகையில், மத்தியதரைக் கடலின் நீலம் இராமனின் சிந்தையைக் கவர்ந்தது. ஒளி எவ்வாறு சிதறுகிறது என்னும் ஆய்வு அங்கிருந்து விரிந்தது. 1923 இல் கே. ஆர். இராமநாதன் நீரில் ஒளியைச் செலுத்தி ஆராய்கையில், மங்கலான வேற்றொளி ஒன்று தென்பட்டது. நீரின் மாசு காரணமாகலாம் என்று கருதி, மீண்டும் மீண்டும் தூய்மை செய்தும் அது மறையவில்லை. பின்னர் கே. எஸ். கிருஷ்ணன் வேறு திரவங்களிலும் அதனைக் கண்டார். 1927 இறுதியில், வேறு பணியிலிருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் ஆய்வு செய்த எஸ். வெங்கடேசுவரன், கிளிசரினில் அதைத் தெளிவாகக் கண்டார். 1928 பிப்ரவரி 28 இல் நிறமாலை நோக்கி வாயிலாக உண்மை உறுதியாயிற்று. ஒரு நாளில் கண்டதாக உலகம் கொண்டாடுவதன் பின்னே ஐந்தாண்டு ஐயப்பாடு இருந்தது.

ஏறத்தாழ அதே நாட்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் இருவரும் படிகங்களில் இவ்விளைவையே கண்டனர். இந்திய அறிவிப்பு அச்சில் முந்திற்று. 1930 இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பெற்றது. கண்டுபிடிப்பை அறிவித்த முதற்கடிதத்தில் கையொப்பமிட்டிருந்த கிருஷ்ணன், வத்திராயிருப்பில் பிறந்தவர். பின்னாளில் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் புகழ்பெற்றார். வெங்கடேசுவரன் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. பலர் சேர்ந்து இழுக்கும் தேரில், சிலை மட்டுமே மக்கள் கண்ணில் படுகிறது.

இராமனுக்கும் பின்னாட்கள் இனிமையாகவே அமையவில்லை. 1933 இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானவர், நிர்வாகப் பூசல்களால் 1937 இல் அப்பதவியிலிருந்து விலக நேர்ந்தது. அறிவுலகிலும் பொறாமை உண்டு, நிதிநெருக்கடி உண்டு, கட்சிகள் உண்டு.

இவற்றை எழுதுவது இளையோரை அச்சுறுத்த அன்று. கேட்ட வினாவுக்கு விடையெழுதத் தேர்வு பழக்குகிறது. ஆய்வோ, விடையறியாத வினாவோடு ஆண்டுக்கணக்கில் வாழப் பழக்குகிறது. பத்து முறை பிழைத்த சோதனையைப் பதினொன்றாம் முறை செய்யும் பொறுமைக்கு மதிப்பெண் இல்லை. நம் இல்லத்துப் பிள்ளை ஆய்வுத்துறையை நாடினால், "எப்போது முடியும், எவ்வளவு ஊதியம்" என்று நாள்தோறும் கேளாதிருப்போம். இராமநாதன் கண்ட மங்கலான ஒளியை மாசு என்று ஒதுக்கியிருந்தால் பிப்ரவரி 28 நமக்கு வாய்த்திராது. அத்தகைய பொறுமைக்கு நம் இல்லங்களில் இடம் தருதல், பெற்றோராகிய நம்மால் இயன்ற பணியாகும்.