இரத்தக்குழாய் அறுவையில் இரத்தவோட்டக் கண்காணிப்பு

இரத்தக்குழாய் அறுவையின்போதும் அதன் பின்னும் நோயாளியின் இரத்த அழுத்தம், இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்தத்தின் அளவு, உறுப்புகளுக்குப் போய்ச்சேரும் ஓட்டம் ஆகியவற்றை அளந்து, சிகிச்சையை அதற்கேற்ப அமைப்பது இரத்தவோட்டக் கண்காணிப்பு எனப்படும். இதன் வரலாற்றைக் கருவிகளின் வரிசையாகச் சொல்வதே வழக்கம். 1733-இல் வெளியிட்ட நூலில் ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தியபோது இரத்தம் எட்டு அடிக்கு மேல் எழுந்ததை விவரித்தார். 1856-இல் பிரான்சின் ஃபேவர் உறுப்பு நீக்க அறுவையின்போது மனிதத் தமனியிலேயே அழுத்தத்தை அளந்தார். 1896-இல் ரிவா-ரோச்சியின் கைப்பட்டை வந்தது. வரிசை சரிதான். ஆனால் கருவி நுட்பமாக நுட்பமாகப் பிழைத்தவர்கள் பெருகினார்கள் என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. எண்ணைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்த இடங்களில்தான் அளவீடு பலன் தந்திருக்கிறது. 1905-இல் இரத்த அழுத்த ஒலிகளை விவரித்த கொரோட்கோவ், ரஷ்ய–ஜப்பானியப் போரில் காயமுற்றோரின் தமனிகளை ஆராய்ந்த அறுவை மருத்துவர். சேதமுற்ற தமனியைக் கட்டிவிட்டால் பக்கக் கிளைகள் அந்தக் கையையோ காலையோ காப்பாற்றுமா என்ற கேள்வியே அவரைத் தமனியின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கச் செய்தது. கட்டுவதா வேண்டாமா என்ற முடிவு அங்கே முன்பே காத்திருந்தது.

1951-இல் பாரிசில் சார்ல் துபோஸ்ட் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் மாற்றுக் குழாயைத் தைத்தார். அந்த அறுவை பரவியபோதுதான் சிக்கலின் முழு அளவு தெரிந்தது. பெருந்தமனியைக் கிளாம்ப் போட்டு அடைத்ததும் இதயம் பெரும் தடையை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. கிளாம்பை எடுத்ததும் இரத்தம் கால்களுக்குப் பாய்ந்து அழுத்தம் சரிகிறது. அதுவரை கால்களில் தேங்கிய அமிலக் கழிவுகளும் இதயத்துக்குத் திரும்புகின்றன. இந்த நோயாளிகள் பலருக்கு இதயத் தமனிகளும் ஏற்கெனவே அடைபட்டவை. ஆகவே 1970-இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஸ்வானும் கான்ஸும் நுனியில் பலூன் கொண்ட நுரையீரல் தமனிக் கதீட்டரை அறிமுகப்படுத்தியபோது, பெருந்தமனி அறுவை செய்தவர்கள் அதை ஆவலோடு வரவேற்றனர். 1980-இல் பாஸ்டன் குழு ஒன்று, கதீட்டர் காட்டும் எண்களைக் கொண்டு திரவ அளவைச் சீராக்கினால் பெருந்தமனி வீக்க அறுவையில் இறப்பு குறைகிறது என்று எழுதியது. ஆனால் அங்கே ஒப்பிட்டுப் பார்க்கச் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்ட மறுகுழு இல்லை.

ஐயம் மெல்ல எழுந்தது. 1990-இல் 496 மருத்துவர்களுக்குக் கதீட்டர் பற்றித் தேர்வு வைத்தபோது சராசரி மதிப்பெண் 67 விழுக்காடுதான். 1996-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், கதீட்டர் போடப்பட்ட தீவிர நோயாளிகளே அதிகம் இறந்திருந்தனர். நோய் முற்றியவர்களுக்குத்தானே அதைப் போடுவார்கள் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. அந்த வேறுபாட்டைப் புள்ளியியல் திருத்தத்தால் முழுதும் நீக்கிவிட முடியாது. ஆனால் 1998-இல் பெருந்தமனி அறுவைக்கு வந்த 120 பேரைச் சமவாய்ப்பில் பிரித்த ஆய்விலும் நன்மை காணவில்லை. 2003-இல் வெளியான, 1,994 பேரிடம் நடந்த கனடிய ஆய்வில் மருத்துவமனை இறப்பு கதீட்டர் போட்டவர்களிடமும் போடாதவர்களிடமும் ஏறத்தாழ ஒன்றே: 7.8, 7.7 விழுக்காடு. எண்ணைப் பார்த்துச் செயல்பட விதி இல்லாததே தோல்விக்குக் காரணம் என்று இங்கே சொல்ல முடியாது. அந்த ஆய்வில் எட்ட வேண்டிய இலக்குகள் எழுதப்பட்டிருந்தன. என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று இதுவே. ஆனால் அந்த இலக்குகள் எல்லா நோயாளிகளுக்கும் பொதுவானவை. விதி இருந்தும் அது படுக்கையில் கிடப்பவரின் இயல்பு நிலையை அறியாத விதி.

பொதுவான இலக்குக்கும் அவரவர் இயல்புக்கேற்ற இலக்குக்கும் உள்ள வேறுபாட்டை 2017-இல் பிரெஞ்சு ஆய்வொன்று சோதித்தது. ஓய்வில் இருக்கும்போது அவரவர்க்குள்ள அழுத்தத்திலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகாமல், அறுவை முடிந்த நான்கு மணி நேரம் வரை காத்தபோது, உறுப்புப் பாதிப்பு 51.7-இலிருந்து 38.1 விழுக்காடாகக் குறைந்தது. அதில் பெரும்பாலானவை வயிற்று அறுவைகள் என்பதால் இரத்தக்குழாய் நோயாளிகளுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. 2023-இல் வெளியான பெரிய ஆய்வில் தாழ்அழுத்தத்தைத் தவிர்க்கும் முறை எந்த வேறுபாட்டையும் தரவில்லை என்பதையும் மறைக்கலாகாது. அங்கே இரு குழுக்களின் அழுத்தமும் அதிகம் வேறுபடவில்லை. இன்னொன்று: அறுவைக்குப் பின் வரும் மாரடைப்புகளில் நான்கில் மூன்று பங்கு, அறுவை முடிந்த 48 மணி நேரத்துக்குள் நிகழ்கின்றன, மூன்றில் இரண்டில் நெஞ்சுவலி போன்ற அறிகுறியே இருப்பதில்லை. அறுவை அரங்கில் நொடிக்கு நொடி அளந்துவிட்டு, வார்டில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பட்டை சுற்றுவது ஆபத்து மிகுந்த வேளையில் கண்ணை மூடிக்கொள்வதாகும்.

கழுத்துத் தமனி அறுவையில் எண்ணைப் பார்த்ததும் செய்ய வேண்டியது மிகத் தெளிவு. அடைப்பு நீங்கியதும் நீண்ட காலம் குறைந்த ஓட்டத்துக்குப் பழகிய மூளைக்குள் இரத்தம் திடீரெனப் பாய்கிறது. மண்டையோட்டின் வழியே பார்க்கும் டாப்ளரில் ஓட்டவேகம் கிளாம்புக்கு முன்னிருந்ததைவிட இரட்டிப்பானால் எச்சரிக்கை. மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்படாதிருக்க இரத்த அழுத்தத்தைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைக்க வேண்டும். இங்கே எண்ணும் செயலும் நேராக இணைகின்றன. ஆயினும் இந்தச் சிக்கல் அறுவை முடிந்து சில நாட்கள் கழித்து, நோயாளி வீடு திரும்பிய பின்னும் வரலாம். அதனால் வீட்டிலும் அழுத்தத்தை அளக்கச் சொல்கிறார்கள். அறுவை நடந்த பக்கத்தில் கடுந்தலைவலி வந்தால் உடனே மருத்துவமனைக்கு வரும்படியும் சொல்லி அனுப்புகிறார்கள்.