வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் குன்னூர் பாஸ்டர் நிறுவனமும்

நீலகிரி மாவட்டம் குன்னூரில், சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே உள்ளது இந்தியப் பாஸ்டர் நிறுவனம். 1907ஆம் ஆண்டு தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் என்ற பெயரில் இது தொடங்கப்பட்டது. பூங்காவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பலர் இதை ஏதோ பழைய பங்களா என்று நினைத்துக் கடந்து போகிறார்கள். நாய் கடித்தவர்கள் ரயில் ஏறித் தேடி வந்த இடம் இது.

வெறிநாய்க்கடி நோய் மிகப் பழையது. நோயுற்றவர் தண்ணீரைக் கண்டு அஞ்சுவதைச் சுசுருத சம்ஹிதையே குறிப்பிடுகிறது. ரேபிஸ் வைரஸ் மற்றக் கிருமிகளைப் போல இரத்தத்தில் பரவி விரைவாகத் தாக்குவதில்லை. கடிபட்ட இடத்திலிருந்து நரம்பின் வழியே மெல்ல ஊர்ந்து மூளைக்குச் செல்கிறது. பெரும்பாலும் இதற்கு ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். தலை, முகம், கழுத்து ஆகிய இடங்களில் கடித்தால் இன்னும் விரைவாகச் சென்றுவிடும். மூளையை அடைந்து நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. ஆகவே இந்நோயின் மருத்துவ வரலாறு முழுவதும் அந்த இடைவெளிக்குள் மருந்து போய்ச் சேர்ந்ததா என்பதன் வரலாறுதான்.

அந்த இடைவெளியை முதலில் பயன்படுத்திக் காட்டியவர் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர். 1885 ஜூலை 6 அன்று, அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை அவனுடைய தாய் பாரிஸுக்கு அழைத்து வந்தார். இரண்டு நாட்களுக்கு முன் வெறிநாய் கடித்ததில் அவன் உடலில் 14 காயங்கள். நோயுற்ற முயல்களின் முதுகுத்தண்டை உலர்த்தி, அதில் இருந்த கிருமியின் வீரியத்தைக் குறைத்து, பாஸ்டர் மருந்து செய்து வைத்திருந்தார். அதற்கு முன் நாய்களிடம் அதைச் சோதித்திருந்தார். அவர் மருத்துவர் அல்லர். ஆகவே ஊசி போட்டவர் கிராஞ்சே என்ற மருத்துவர். சுமார் பத்து நாட்களில் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான். பின்னாளில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்திலேயே காவலாளியாக வேலை பார்த்தான்.

இந்தியாவில் கடிபட்ட ஆங்கிலேயச் சிப்பாய்கள் தொடக்கத்தில் பாரிஸுக்கே கப்பலில் அனுப்பப்பட்டனர். கப்பல் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். நம் ஊர்க் குடியானவனுக்கு அந்த வழியும் இல்லை. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, சூடு போடுதல், மந்திரித்தல் இவைதாம் அவனுக்குக் கிடைத்த வைத்தியம். 1900இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் இந்தியாவின் முதல் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. ஆனால் தென்கோடியில் கடிபட்டவருக்கு அதுவும் தொலைவுதான்.

1902இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் நாய்க்கடியால் இறந்தார். அதன் பிறகே தெற்கிலும் இப்படி ஒரு நிறுவனம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. பெயர் தெரியாத எத்தனையோ பேர் அதற்கு முன்பே மடிந்திருப்பார்கள். அவர்கள் பொருட்டு யாரும் இயக்கம் நடத்தவில்லை என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஹென்றி ஃபிப்ஸ், வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையில் ஒரு பகுதி இதற்கு ஒதுக்கப்பட்டது. குன்னூரின் குளிர் மருந்தைக் கெடாமல் வைத்திருக்க உதவியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899 முதலே மலை ரயில் ஓடியது. இங்கேதான் ராபர்ட் மெக்கரிசன் ஒரே ஓர் அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஐதராபாத்தில் இன்று உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் அந்த அறை.

கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் வேறொரு முறையைக் கண்டார். கிருமி ஏற்றிய ஆட்டின் மூளையிலிருந்து மருந்து எடுத்து, அதிலுள்ள கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் கொல்லும் முறை அது. மலிவானது, அதிக அளவில் செய்யக்கூடியது. 'தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி' என்று நம் வீடுகளில் பேசப்பட்டது இந்த மருந்துதான். அதில் கலந்திருந்த மூளைத்திசு சிலருக்குப் பக்கவாதத்தையும் உண்டாக்கியது. அந்த ஊசிக்குப் பயந்து, நாய் கடித்ததை வீட்டில் சொல்லாமல் மறைத்த பிள்ளைகளை என் வகுப்பறைகளிலேயே பார்த்திருக்கிறேன். மருந்து பக்கத்து ஊருக்கே வந்துவிட்ட பிறகும் அச்சம் அதைத் தொலைவில் நிறுத்தியது. ஆட்டுமூளை மருந்தின் உற்பத்தி 2004ஆம் ஆண்டின் இறுதியில்தான் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இப்போது செல் வளர்ப்பு முறையில் செய்த தடுப்பூசி, கையில் நான்கைந்து தவணைகளாகப் போடப்படுகிறது. காயம் ஆழமாக இருந்தால் அதைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் செலுத்துவார்கள்.

கடிக்கிற நாய்கள் எல்லாம் வெறிநாய்கள் அல்ல. குட்டி ஈன்ற நாய், தின்றுகொண்டிருக்கும் நாய், தூக்கத்தில் மிதிபட்ட நாய், கல்லடி பட்டுப் பழகிய நாய் ஆகியவை அச்சத்தாலோ தற்காப்புக்காகவோ கடிக்கின்றன. ஓடினால் துரத்துவது அதன் இயல்பு. எனவே நாய் நெருங்கினால் ஓடாமல், அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல், கைகளை உடலோடு ஒட்டி அசையாது நிற்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்துக் கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். எந்தத் தூண்டுதலும் இல்லாமல், எச்சில் வடிய, எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கும் நாயிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஆனால் பார்ப்பதற்கு நலமாக இருக்கும் நாயின் எச்சிலிலும் நோய் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பே வைரஸ் இருக்கலாம். ஆகவே எந்த நாய்க்கடியையும் சாதாரணம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். கடித்த உடனே, ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். அதன்மேல் சுண்ணாம்போ மஞ்சளோ காப்பித்தூளோ வைக்கக் கூடாது, கட்டுப் போடவும் கூடாது. கழுவிய கையோடு மருத்துவமனைக்குப் போய், அன்றே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் இல்லை.