பாட்டுப் பெட்டியும் உருகும் கம்பியும்



சிகாகோவில் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்று அண்ணன் தம்பி இருவர். 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியில் தொழில் படுத்துவிட்டது. மறு வருடமே காரில் வைக்கும் ரேடியோ ஒன்றைச் செய்தார்கள். கடன் கேட்கப் போன இடத்தில், வங்கிக்காரரின் பாக்கார்டு காரிலேயே ஒன்றை மாட்டிக் கொடுத்தார் பால். அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்தது என்று சொல்வார்கள். பிறகு கடன் எங்கே கிடைக்கும்? மனிதர் அசரவில்லை. தன் ஸ்டூடிபேக்கரில் ரேடியோவைப் பொருத்தி அட்லாண்டிக் சிட்டிக்கு ஓட்டிப்போய், ரேடியோ தயாரிப்பாளர் மாநாட்டுக்கு வெளியே நிறுத்திச் சத்தமாகப் பாடவிட்டார். ஆர்டர் வந்தது. அந்த ரேடியோவின் பெயர்தான் மோட்டரோலா. (உங்களில் பலர் அந்தப் பெயரில் செல்போன் வைத்திருந்தீர்கள்.)

காருக்குள் பாட்டு வந்த நாளிலேயே தீயும் கூட வந்திருக்கிறது, பாருங்கள்.

தீயைத் தடுக்கும் யோசனை அதைவிடப் பழையது. தந்தி நிலையங்களை இடியிலிருந்து காக்க, நடுவில் மெல்லிய கம்பி வையுங்கள், அது உருகி மற்றதைக் காப்பாற்றும் என்று 1847இல் பிரான்சின் பிரெகே சொன்னார். எடிசன் 1890இல் பியூஸ் கட்டைக்குக் காப்புரிமை வாங்கினார்.

இதை இப்போது எழுதக் காரணம் என் தங்கை மகன். அவன் காரில் ஸ்டீரியோ பியூஸ் மூன்று முறை போய்விட்டது. “10 ஆம்பியருக்குப் பதில் 30 போட்டுடட்டுமா மாமா?” என்கிறான். சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சை போடுவது அவனுக்கு நிற மாற்றம். உள்ளே ஓடும் ஒல்லி ஒயருக்கு அப்படியில்லை. மின்னோட்டம் மூன்று மடங்கானால் சூடு ஒன்பது மடங்கு. எட்டாம் வகுப்பிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். பியூஸ் உருகாவிட்டால் ஒயர் உருகும்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு, அதே 10 ஆம்பியர் பியூஸைப் போட்டுப் பார். அப்போதும் போனால் கோளாறு ஒயரில். போகாவிட்டால் பெட்டியில், அல்லது ஸ்பீக்கர் ஒயர் எங்காவது தகரத்தைத் தொடுகிறது. ஒயரில்தான் என்றால் பியூஸை வீணாக்காதே. அந்த இடத்தில் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இணை. ஷார்ட் இருக்கும்வரை பளிச்சென்று எரியும். இரண்டு ஆம்பியருக்கு மேல் போக விடாது. ஒயரை அங்கங்கே அசைத்துக்கொண்டே போ. எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ, அங்கேதான் தோல் உரிந்திருக்கும்.