சுழல்வரி பிறந்த கதை

பூனைக்குட்டி ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது, "இது என்ன ஜாதி?" என்பதுதான். விலாவில் வரி சுழன்று கிடந்தால் "அமெரிக்கன் ஷார்ட்ஹேர்" என்று யாராவது அடித்துச் சொல்வார்கள். மயிர் கொஞ்சம் நீளமாக இருந்தால் "மெய்ன் கூன்". வரியை வைத்து ஜாதி சொல்ல முடியாது. ஓவியர் ஹாரிசன் வியர் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பூனைக் கண்காட்சி நடத்தியது 1871-ல். இன்று நாம் பேசும் பூனை ஜாதிகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வகுக்கப்பட்டவை. சுழல்வரியோ அதற்குப் பல நூறு ஆண்டுகள் மூத்தது.

குட்டியைப் பக்கவாட்டில் நிறுத்திப் பாருங்கள். முதுகிலிருந்து வயிற்றுப் பக்கமாக மீன்முள் போல மெல்லிய கோடுகள் இறங்கினால், அது ஆதி வரி. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை உடுத்திய வரி அதுதான். சுழல்வரிக் குட்டிக்கு முதுகில் தடித்த நெடுங்கோடுகள் ஓடும். விலாவில் அகன்ற வளையமும் அதன் நடுவே ஒரு திட்டும் இருக்கும். நெற்றியில் இருக்கும் ஆங்கில 'எம்' எழுத்து இரண்டுக்கும் பொது, அதை வைத்துப் பிரிக்க வேண்டாம்.

1758-ல் லின்னேயஸ் வீட்டுப் பூனைக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது வர்ணித்தது சுழல்வரிப் பூனையைத்தான். அதற்குள் ஐரோப்பாவில் அது அவ்வளவு பழகிப்போயிருந்தது. பிரிட்டனில் இன்றும் தெருவெல்லாம் சுழல்வரிதான். அங்கிருந்து கப்பலேறிய பூனைகளின் வழித்தடத்தை அமெரிக்க, ஆஸ்திரேலியப் பூனைகளின் வரியிலேயே படிக்கலாம் என்று மரபியலாளர் நீல் டாட் 1977-ல் எழுதினார். அதைப் படிக்கிறவருக்கு, வரியின் தாய்வீடே பிரிட்டன்தான் என்று தோன்றும்.

எலும்புகள் வேறு ஊரைக் காட்டின. 200-க்கும் மேற்பட்ட பழங்காலப் பூனைகளின் எலும்பு, பல், தோல், மயிர் ஆகியவற்றிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்து, 2017-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எகிப்தின் மம்மிப் பூனைகளும் அதில் உண்டு. சுழல்வரிக்குக் காரணமான மரபணு மாற்றம் முதன்முதலில் தட்டுப்பட்டது 14-ஆம் நூற்றாண்டுத் துருக்கியில், ஓட்டோமான் ஆட்சிப் பகுதியில். அதற்கு முந்தைய ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் பூனைகளில் அது கிடைக்கவில்லை. எலி பிடிக்கக் கப்பலில் வைத்திருந்த பூனைகள் துறைமுகம் துறைமுகமாக இறங்கின. வரியும் கூடவே பரவியது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி சிவிங்கிப்புலி வருகிற இடம். 1926-ல் அன்றைய ரொடீசியாவில் புள்ளிகளுக்குப் பதில் தடித்த பட்டைகளோடு ஒரு சிவிங்கிப்புலித் தோல் கவனத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதைத் தனி இனம் என்று சொல்லி 'அரச' சிவிங்கி என்று பெயரும் வைத்துவிட்டார் விலங்கியலாளர் போகாக். 1981-ல் தென்னாப்பிரிக்காவின் டி வில்ட் பண்ணையில் சாதாரணப் புள்ளித் தாய்களுக்கே அப்படிக் குட்டிகள் பிறந்தன; தனி இனம் என்ற பேச்சு அதோடு முடிந்தது. பூனையில் வரியைச் சுழற்றுவதும், சிவிங்கியில் புள்ளியைப் பட்டையாக்குவதும் டாக்பெப் என்ற ஒரே மரபணுவின் பழுதுதான் என்று 2012-ல் தெரிந்தது. அந்த ஆய்வுக்கு மாதிரி தந்தவற்றில் கலிஃபோர்னியாவின் தெருப்பூனைகளும் உண்டு.

வரி தீர்மானமாவது மயிரில் இல்லை. தாய் வயிற்றில், மயிர்க்கால்கள் முளைக்கும் முன்பே, கருவின் தோலில் எந்த இடம் கறுக்கும், எது வெளுக்கும் என்று வகுக்கப்பட்டுவிடுகிறது. டாக்பெப் ஒழுங்காக வேலை செய்தால் கோடுகள் நெருங்கி மெலிந்து நிற்கும். பழுதானால் அகன்று கலைந்து சுழலும்.

இந்தப் பழுது தாய், தகப்பன் இரு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் சுழல் தெரியும். அதனால் மீன்முள் வரிகொண்ட இரண்டு பூனைகளுக்கு ஒரே ஈற்றில் மீன்முள் குட்டியும் சுழல்வரிக் குட்டியும் பிறக்கலாம். பெற்றோரின் வம்சாவளிச் சீட்டு கையில் இல்லாதவரை இரண்டும் ஒரே ஜாதி: வீட்டுப் பூனை.